மீன் ஆகாத மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு இன்ஸ்பெக்டர் துணிந்துவிட்டார். ஹோட்டல் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். சங்கிலியையும் மாட்டினார். திரைச்சீலையை இழுத்துவிட்டார். கட்டிலுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தார். ஏன் பார்த்தோம் என்று அவருக்கே விளங்கவில்லை. பிறகு கைபேசியை எடுத்துப் பன்னிரண்டு துண்டு சுஷிக்கு ஆர்டர் கொடுத்தார். ஆறு சால்மன், ஆறு சூரை.

இன்ஸ்பெக்டர் என்றதும் யாரும் எழுந்து நின்று சல்யூட் அடிக்க வேண்டாம். அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய், கட்டடம் கட்டடமாக ஏறி, "இது ஏறும், இது இறங்கும், இது ஒருநாள் இறங்கிக்கொண்டே இருக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகம். இருபத்துநாலாவது மாடியில் நின்றுகொண்டு பிரேக்கைச் சோதித்துப் பார்க்கிற தைரியசாலி. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு பெட்டி மீனை ஆர்டர் பண்ணக் கதவுக்குச் சங்கிலி வேண்டியிருந்தது.

வேண்டியிருக்காதா பின்னே? வீட்டைப் பொறுத்தவரை அவருக்கு மீன் ஆகாது.

இது பன்னிரண்டு வருஷத்துக் கதை. அவருடைய மாமியார் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள், மருமகள், மருமகன் எல்லோரும் ஆஜராகிவிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் விடுதலை. மத்தியானச் சாப்பாடு மீன். கல்யாணமான புதிதில் இன்ஸ்பெக்டரும் போனார். முதல் வாரம் மாமியார் ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "மாப்பிள்ளைக்கு மெஷின் வேலை தெரியுமே!" இரண்டாவது வாரம் தையல் மெஷின். மூன்றாவது வாரம் அழைப்பு மணி, இஸ்திரிப் பெட்டி, சமையலறைக் குழாய், மனைவியின் அண்ணியுடைய ஹேர் டிரையர் என்று நான்கு நோயாளிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்குப் பார்த்து அவர் கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. முந்தின நாள் ஒரு லிஃப்ட் மோட்டார் அறையில் கண்ணாடிப் பஞ்சு பட்டதன் விளைவு. மாமியார் பதறிப்போய், "என்ன மாப்பிள்ளை, இப்படித் தடிச்சிருக்கு?" என்றார். இன்ஸ்பெக்டர் தட்டில் இருந்த மீனைப் பார்த்தார். வரிசையில் இருந்த நோயாளிகளைப் பார்த்தார்.

"மீன் போலிருக்கு அத்தை" என்றார்.

மூன்றே வார்த்தை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவருடையது. வாசனை பட்டாலே ஆகாது என்று பிற்பாடு ஒரு பூட்டும் போட்டுக்கொண்டார். பத்து மணிக்கு மனைவி தனியாகக் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு எட்டு மணி நேரம் அந்த வீட்டுக்கு அவர்தான் ராஜா. பனியனோடு சோபாவில் நீட்டிப் படுப்பார். டீப்பாய் மேல் கால் போடுவார். குடித்த டம்ளரைக் குடித்த இடத்திலேயே வைப்பார். இப்படி ஒரு சொத்து வேறெந்தப் புருஷனுக்கும் கிடையாது என்பதில் அவருக்குப் பெருமை தாங்காது. இந்தப் பொய் மட்டும் உடைந்தால் சொத்து போச்சு. மிச்ச ஆயுசு முழுக்க டேபிள் ஃபேன்தான்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அவருக்கு மீன் என்றால் உயிர். வீட்டில் அதன் பேரையே எடுக்க முடியாது. டூர் போகிற ஊர்களில்தான் நாக்குக்கு விமோசனம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மனைவியின் வேலை. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில், இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி விண்ணப்பிக்கிறவர்களைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு உத்தியோகம். ஊரில் உள்ள பொய்க் காய்ச்சல், பொய் முதுகுவலி எல்லாம் அவள் மேஜைக்கு வந்து நடுங்கும். அப்படிப்பட்டவளைத் தான் பன்னிரண்டு வருஷமாக ஏமாற்றி வருவதை நினைத்து இன்ஸ்பெக்டர் சில சமயம் கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார்.

அவளுடைய மூக்கும் லேசுப்பட்டதல்ல. பொரித்த மீன் சாப்பிட்டால் சட்டை சாட்சி சொல்லிவிடும். போன வருஷம் ஒரு கட்டட முதலாளி அவரை ஜப்பான் ஓட்டலுக்குக் கூட்டிப் போனார். சுஷி வந்தது. சோற்றுக் கட்டி மேல் மீனைப் பச்சையாகவா வைத்துத் தின்பது என்று முதலில் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது துண்டில் முகம் நேரானது. நாலாவது துண்டில் ஞானம் பிறந்தது. எண்ணெய் இல்லை, புகை இல்லை, சட்டையில் வாசனை இல்லை. கள்ளத்தனமாய் மீன் தின்கிற புருஷனுக்காகவே எவனோ ஒரு மகான் கண்டுபிடித்த பதார்த்தம்! அதிலிருந்து டூரில் எந்த ஊர் போனாலும் சுஷிக் கடையைத் தேடிப் போய், மூலை மேஜையாகப் பார்த்து உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வருவார்.

இன்றைக்கு அது முடியாமல் போனது. அலுவலகங்கள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் லிஃப்டை நிறுத்திச் சோதிக்க முடியும். காலையில் பாதிச் சோதனை முடிந்திருந்தது. சரியாக இரண்டு மணிக்கு, ஒன்றேகால் டன் இரும்புக் கட்டிகளை லிஃப்டுக்குள் அடுக்கி, பாரம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு பேர் காத்திருப்பார்கள். வெளியே மழை கொட்டுகிறது. சுஷிக் கடை ஊரின் அந்தக் கோடியில். ஆகவே, கைபேசியில் மனைவி எப்போதோ போட்டுக் கொடுத்திருந்த சாப்பாட்டு ஆப்பை முதல் தடவையாகத் தொட்டார். வீட்டுக்குப் பொதுவாக ஒரே பதிவு. அதை உண்டாக்கியவள் அவள். அவர் கவனித்தது கடைப் பெயரையும் படத்தையும் மட்டும்தான்.

ஐந்து நிமிஷத்தில் கைபேசி அடித்தது.

"வணக்கம் சார். சுஷிக் கடையிலேருந்து மேனேஜர் பேசறேன். பன்னெண்டு துண்டு பெட்டி உங்களுதா?"

"ஆமாம்மா. கிளம்பிடுச்சா?"

"கிளம்பிடுச்சு சார். ஒரு சின்ன சந்தேகம். சாப்பிடப் போறது யாரு?"

"நான்தான்."

"நீங்களேவா?"

"ஏம்மா, துணைக்கு ஆள் இல்லாம சாப்பிடக்கூடாதா?"

"அதுக்கில்லை சார். உங்க ஆர்டரோட ஒரு குறிப்பும் சேர்ந்து வந்திருக்கு. படிக்கறேன். 'என் கணவருக்கு மீன் அறவே ஆகாது. வாசனை பட்டாலே உடம்பு தடிக்கும். அவரே கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் உடனே மனைவியைக் கூப்பிடவும்.' கீழ ஒரு நம்பர் இருக்கு."

இன்ஸ்பெக்டர் கட்டிலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் கட்டில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று என்று தெரிந்தது.

"அது... அது பழைய குறிப்பும்மா. இப்ப சரியாயிடுச்சு."

"சந்தோஷம் சார். அதை உங்க மனைவி சொன்னா போதும். எங்க கடை ரூல் அப்படி. ஒவ்வாமைன்னு எழுதியிருந்தா வீட்டு ஆள்கிட்ட கேக்காம நாங்க குடுக்க மாட்டோம்."

"ஐயோ, கூப்பிடாதீங்க!"

"கூப்பிட்டாச்சு சார். லைன் பிஸியா இருக்கு. மறுபடியும் கூப்பிடறோம்."

"ஆர்டரே வேண்டாம்மா. கேன்சல் பண்ணிடுங்க."

"பண்ணிடலாம் சார். ஆனாலும் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லித்தான் ஆகணும். அதுவும் ரூல்."

"உங்க கடையில ரூலைத் தவிர வேற என்னம்மா விக்கறீங்க?"

"மீன் சார். அதான் உங்களுக்கு ஆகாதே."

மேனேஜர் வைத்துவிட்டாள். இன்ஸ்பெக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. கைபேசித் திரையில் ஒரு குட்டி ஸ்கூட்டர் படம் தெருத் தெருவாக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இன்னும் பதினெட்டு நிமிஷம் என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பதினெட்டு நிமிஷமும் மனைவியின் லைன் பிஸியாகவே இருந்தால்? கடைக்காரிக்கு லைன் கிடைக்காது. பார்சல் கொண்டுவருகிற ஆளை நேரில் சரிக்கட்டிக்கொள்ளலாம். மனைவியின் லைனைப் பதினெட்டு நிமிஷம் பிடித்து வைத்துக்கொள்ள உலகத்தில் மிகவும் பொருத்தமான ஆள் யார்? அவள் புருஷன்!

தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு நம்பரை அழுத்தினார். பிஸி. மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை மணி போனது.

"என்னங்க?"

"சும்மாதான்" என்றார்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவர் சும்மா கூப்பிட்டதே கிடையாது.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?"

"இல்லம்மா."

"விழுந்துட்டீங்களா?"

"இல்லைங்கறேன்ல? உன் குரலைக் கேக்கணும் போல இருந்துச்சு."

"பக்கத்துல டாக்டர் இருக்காரா? ஃபோனை அவர்கிட்ட குடுங்க."

"ஒரு புருஷன் பொண்டாட்டிகிட்ட ஆசையாப் பேசக்கூடாதா?"

"பேசலாம். மத்த புருஷன்லாம் பேசறாங்க. நீங்க பேசினா பயமா இருக்கு. என்ன வேணும்? சட்டை எடுத்துட்டுப் போக மறந்துட்டீங்களா?"

மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. ஸ்கூட்டர் ஒரு சிக்னலில் நின்றது. இன்ஸ்பெக்டர் பேச்சுக்கு விஷயம் தேடினார். மழையைப் பற்றிச் சொன்னார். ஹோட்டல் தலையணையைப் பற்றிச் சொன்னார். குளியலறைக் குழாயில் வெந்நீர் வலப் பக்கம் வருவதைப் பற்றிச் சொன்னார். அவள் "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் முதுகுவலிக்காரர்கள் பேசும்போதும் அவள் அப்படித்தான் கேட்பாள் என்பது அவருக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. சரக்கு தீர்ந்தது. வேறு வழியில்லை.

"அத்தை எப்படி இருக்காங்க?"

"யாரு? எங்கம்மாவா? நீங்களா கேக்கறீங்க?" அவள் திரும்பிக் குரல் கொடுத்தது கேட்டது. "அம்மா! உங்க மாப்பிள்ளை உங்களை விசாரிக்கறார்!"

ஒரு நாற்காலி உருண்டது. மாமியார் ஓடிவந்திருக்க வேண்டும்.

"மாப்பிள்ளை! நல்லா இருக்கீங்களா? ஞாயித்துக்கிழமையும் உழைக்கறீங்களே! உடம்பைப் பாத்துக்கங்க. இங்க மீன் பொரியற வாசனை ஃபோன்ல வருதா? தள்ளிப் போய்ப் பேசட்டுமா?"

"வரலை அத்தை. நீங்க பேசுங்க. நிதானமாப் பேசுங்க."

"அந்த டேபிள் ஃபேன் அப்படியேதான் இருக்கு மாப்பிள்ளை. நீங்க கழட்டி வச்ச அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே. ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரையும் தொட விடலை. எப்பவாவது உங்க உடம்பு சரியாகும், நீங்க வருவீங்கன்னு துணி போட்டு மூடி வச்சிருக்கேன்."

இன்ஸ்பெக்டருக்குள் எழுந்தது குற்ற உணர்ச்சியா பயமா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஸ்கூட்டருக்கு இன்னும் ஏழு நிமிஷம்.

"இப்ப மிக்ஸியும் ஒரு மாதிரி கத்துது மாப்பிள்ளை."

"எப்படிக் கத்துது அத்தை? கத்திக் காட்டுங்க."

மாமியார் கத்திக் காட்டினார். ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொரு தடவை கேட்டு வாங்கினார். மூன்றாவது தடவைக்கு நடுவில் மாமியார் நிறுத்தினார்.

"காதுக்குள்ள பீப் பீப்னு சத்தம் வருதே மாப்பிள்ளை?"

ஒரு கால் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கால் வரும் என்பதை அந்த மகா மூளை யோசிக்கவில்லை.

"அது ஒண்ணுமில்ல அத்தை. இங்க மழை."

"மழை பீப்னா பெய்யுது?"

"இங்க குடுங்கம்மா" என்று மனைவியின் குரல் குறுக்கே வந்தது. "ஏங்க, வேற ஒரு கால் வருது. புது நம்பர். இருங்க, என்னன்னு கேட்டுட்டு வரேன்."

"எடுக்காதே! லோன் வேணுமான்னு கேப்பாங்க!"

"ஞாயித்துக்கிழமையுமா?"

டொக். அதற்குப் பிறகு காத்திருக்கச் சொல்லும் இசைதான் கேட்டது. இன்ஸ்பெக்டர் அதைக் காதில் வைத்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இசை இனிமையாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் ரசிக்க முடியவில்லை. இந்நேரம் மேனேஜர் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள்? பன்னிரண்டு துண்டு என்று எண்ணிக்கையையும் சேர்த்துச் சொல்வாளா? மேஜையில் இருந்த ஹோட்டல் தொலைபேசி அலறியது.

"சார், ரிசப்ஷன். உங்களுக்குப் பார்சல் வந்திருக்கு."

தாழ்ப்பாளைத் திறந்து, சங்கிலியை மறந்து, நெற்றியில் இடித்துக்கொண்டு, சங்கிலியையும் கழற்றி வெளியே பாய்ந்தார். லிஃப்ட் திறந்தே நின்றது. அதன் சுவரில் ஒட்டியிருந்த சான்றிதழ் காலாவதியாகி ஐந்து மாதம். அந்த அவசரத்திலும் அவருடைய உத்தியோக தர்மம் இடம் கொடுக்கவில்லை. நாலு மாடியும் படியில் இறங்கினார்.

கீழே மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஒரு கனத்த ஆசாமி நின்றிருந்தார். இரண்டு கையாலும் ஒரு பையைப் பிடித்திருந்தார். பைக்குள் இரண்டு பெட்டி தெரிந்தது.

"நான்தாங்க. குடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர், மூச்சிரைக்க.

"கடையிலேருந்து இன்னும் ஓகே வரலைங்க."

"வந்துடும். குடுங்க."

"வந்ததும் குடுக்கறேன்."

"ஏங்க, நான் என்ன விஷமா கேக்கறேன்? என் கையைப் பாருங்க. எவ்வளவு ஆரோக்கியமா இருக்கு!"

"ஆரோக்கியமா இருக்கறவங்களைத்தாங்க பத்திரமாப் பாத்துக்கணும்."

இன்ஸ்பெக்டர் பையின் ஒரு காதைப் பிடித்தார். மழைக்கோட்டுக்காரர் மறு காதை விடவில்லை. பை இப்படியும் அப்படியும் போயிற்று. ரிசப்ஷன் பெண் எழுந்து நின்று பார்த்தாள். அந்த நேரத்தில் கைபேசியில் இசை நின்றது.

"என்னங்க."

ஒரே வார்த்தை. குரல் பஞ்சு மாதிரி இருந்தது. "ஒரிஜினல் பேப்பர் எல்லாம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று ஆபீசில் கேட்கும்போது வருகிற அதே குரல்.

"சொல்லும்மா."

"வீடியோ கால் போடறேன். எடுங்க."

எடுத்தார். திரையில் மனைவியின் முகம். அவள் தோளுக்குப் பின்னால் மாமியாரின் முகம். அதற்குப் பின்னால் அண்ணியின் அரை முகம்.

"அந்தப் பெட்டி யாருக்கு?"

"அது... கட்டடத்து இன்ஜினீயருக்கு. பாவம், பசின்னார். நான் வாங்கிக் குடுக்கறேன்."

"நல்ல மனசு. அவரைக் காட்டுங்க."

இன்ஸ்பெக்டர் சுற்றிலும் பார்த்தார். ரிசப்ஷன் பெண், ஒரு பூத்தொட்டி, மழைக்கோட்டுக்காரர். கைபேசியை மழைக்கோட்டுக்காரர் பக்கம் திருப்பி, கண்ணாலேயே கெஞ்சினார். "இவர்தான்."

"வணக்கம்மா" என்றார் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி. "நான் டெலிவரி."

திரை அதிர்ந்தது. மாமியார் மகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "ஐயோ! மாப்பிள்ளை கை அந்தப் பையில இருக்கு! மீன் பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார்! யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்களேன்!"

ரிசப்ஷன் பெண் கடமையில் கண்ணானவள். உடனே தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்த ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டரின் கண் முன்னால் எல்லாம் ஓடியது. ஆம்புலன்ஸ் வரும். ஆஸ்பத்திரியில் ஊசி போடுவார்கள். இரண்டு மணிச் சோதனை நின்றுபோகும். ரத்தத்தை எடுத்துப் பார்த்து, இந்த ஆளுக்கு ஒரு கோளாறும் இல்லை என்று முத்திரை குத்தி எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் இன்ஷூரன்ஸுக்குப் போகும். நேராக அவளுடைய மேஜைக்கு!

"வேண்டாம்! கீழ வைம்மா ஃபோனை!" என்று கத்தினார். "எனக்கு அலர்ஜியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! எல்லாம் பொய்! பன்னெண்டு வருஷமாப் பொய்!"

ரிசப்ஷன் பெண் ஃபோனை வைத்தாள். மழைக்கோட்டுக்காரர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?" என்று மாமியாரின் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்லம்மா, சிக்னல் சரியில்லை" என்றாள் மனைவி. திரையில் சுவர் ஓடியது, கதவு ஓடியது, காய்கிற துணிகள் ஓடின. கதவு படாரென்று சாத்துகிற சத்தம். பிறகு பால்கனி வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். எல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. சோபா, பனியன், டீப்பாய் எல்லாம் முடிந்தன. அழுதுவிடுவோமோ என்றுகூட இருந்தது.

"உங்களுக்கு அறிவிருக்கா?" என்றாள் அவள் தணிந்த குரலில்.

"தப்புதான். பொய் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுடு."

"பொய் சொன்னதுக்கு யாரு கேட்டா? இப்ப எதுக்கு உண்மையைச் சொன்னீங்க? அதுவும் ஸ்பீக்கர்ல!"

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை.

"உனக்கு... தெரியுமா?"

"பத்து வருஷமாத் தெரியும். ஒரு நாள் சந்தேகம் வந்து, காய்கறி சூப்ல மீன் பொடியைக் கலந்து குடுத்தேன். மூணு கிண்ணம் குடிச்சீங்க. ராத்திரி முழுக்கப் பக்கத்துல முழிச்சிருந்து பாத்தேன். ஒரு கொசுக்கடி தடிப்புகூட இல்லை. டூர் முடிச்சு வர அன்னிக்கெல்லாம் செருப்பைக் கழட்டினதும் பல் தேய்க்கறீங்க. மீன் தின்னாத மனுஷன் எதுக்குங்க சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பல் தேய்க்கணும்?"

"அப்ப ஏன் கேக்கலை?"

"கேட்டா? உண்மை வெளிய வந்துடும். அம்மா உங்களைக் கையோட கூட்டிக்கிட்டு வரச் சொல்வாங்க. ஆறு நாள் உங்களைப் பாத்துக்கறேன். ஏழாவது நாளும் பாக்கணுமா? எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு நாள்தாங்க. காலை நீட்டி உக்காந்து, அம்மாவும் அண்ணியும் நானும் பொழுது போறதே தெரியாமப் பேசறோம்."

"எதைப் பத்தி?"

"உங்களைப் பத்தித்தான். வேற எதைப் பத்தி? நடுவுல நீங்க வந்து உக்காந்தா நாங்க வானிலையா பேச முடியும்?"

தூணில் சாய்ந்துகொண்டார் இன்ஸ்பெக்டர். பன்னிரண்டு வருஷமாகத் தான் ஜெயித்துக்கொண்டிருந்ததாக நினைத்த ஆட்டத்தில் எதிர்ப் பக்கம் ஆளே இல்லை. பொய்யைச் சொன்னது மட்டும்தான் அவர். தண்ணீர் ஊற்றி வேலி கட்டிக் காப்பாற்றியதெல்லாம் அவள். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. தான் இல்லாத ஒரு நாளுக்கு இவ்வளவு பாதுகாப்பா?

"அந்தக் குறிப்பு?" என்றார் ஈனக் குரலில்.

"நான்தான் எழுதினேன். எல்லா ஆப்லயும் எழுதி வச்சிருக்கேன். நீங்க எங்கயாவது ஆசைப்பட்டு வாங்கி, யார் வாயிலாவது விழுந்து, அது எங்கம்மா காதுக்குப் போச்சுன்னா என் கதி என்ன? கடைக்கு நேராப் போய்த் தின்னுட்டு வந்தீங்க, நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இப்படிப் பேர் போட்டு, ஊர் போட்டு, ரூம் நம்பர் போட்டா ஆர்டர் பண்ணுவாங்க?"

"மழை..." என்றார்.

"ஃபோனை அந்த டெலிவரிக்காரர்கிட்ட குடுங்க."

கொடுத்தார். மழைக்கோட்டுக்காரர் கைபேசியை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அண்ணே, பையில ரெண்டு பெட்டி இருக்குல்ல? ஒண்ணு வெள்ளரிக்காய் வச்சதுன்னு கடையில சொன்னாங்க."

"ஆமாம்மா. மேனேஜர் எதுக்கும் இருக்கட்டும்னு வச்சு விட்டாங்க."

"அதை அவர்கிட்ட குடுத்துடுங்க."

"மீன் பெட்டிம்மா? திருப்பி எடுத்துட்டுப் போனா கீழதான் கொட்டுவாங்க."

"எதுக்குக் கொட்டணும்? நீங்க சாப்பிடுங்க. உங்களுக்கு ஒத்துக்கும்ல?"

"எனக்கு எல்லாம் ஒத்துக்கும்மா!" என்றார் அவர், முகம் மலர்ந்து.

ஹோட்டல் வரவேற்பறை சோபாவில், பூத்தொட்டிக்குப் பக்கத்தில், மழைக்கோட்டுக்காரர் பெட்டியைத் திறந்தார். ஆரஞ்சு நிறத்தில் ஆறு, சிவப்பில் ஆறு. வெளிச்சத்தில் பளபளவென்று மின்னின. முதல் துண்டை எடுத்துச் சோயா சாஸில் தொட்டு வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "ஆகா" என்றார். இன்ஸ்பெக்டர் கையில் வெள்ளரிக்காய்ப் பெட்டியோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி ஒன்று பத்து. இரண்டு மணிக்கு ஒன்றேகால் டன்னைத் தூக்கச் சொல்ல வேண்டும். வயிறு காலி. ஒரு வெள்ளரித் துண்டை வாயில் போட்டார். சோறும் தண்ணீரும் சாப்பிட்டது போல இருந்தது.

ஆனாலும் ஒரு ஆறுதல். ஞாயிற்றுக்கிழமை தப்பித்தது. யாருடையதாக இருந்தால் என்ன, சோபா சோபாதானே? இனிமேல் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சி. ஒளிவு மறைவு கிடையாது. அந்தத் தெம்பில் அவர் மனைவியிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று கைபேசியைத் திரும்ப வாங்கினார்.

"ஏம்மா, இவ்வளவு தெரிஞ்ச பிறகு, ஒரே ஒரு துண்டு..."

அவர் முடிப்பதற்குள் அங்கே பால்கனிக் கதவு திறந்தது. மாமியார் நின்றார். முகத்தில் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவரின் சந்தோஷம்.

"ஏண்டி, மாப்பிள்ளை அலர்ஜி இல்லைன்னு சொன்ன மாதிரி என் காதுல விழுந்துச்சே? சரியாயிடுச்சா? அப்ப வர ஞாயித்துக்கிழமையே வரலாமே! நான் ஃபேனைத் துடைச்சு வைக்கட்டுமா?"

இன்ஸ்பெக்டரின் வாயில் வெள்ளரிக்காய் அப்படியே நின்றது. மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வினாடி பயம். அடுத்த வினாடி அதைக் காணோம்.

"எங்கம்மா சரியாச்சு?" என்றாள் அழுகிற குரலில். "தலைக்கு ஏறிடுச்சு, என்னென்னமோ உளர்றார். பையைத் தொட்டதுக்கே உடம்பு பூரா அரிக்குதாம், பாவம். நீங்களே பாருங்க."

கைபேசி திரும்பியது. திரை நிறைய மாமியாரின் முகம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தது. அதற்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் மட்டும் பஞ்சு மாதிரி வந்தது.

"என்னங்க, அம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க. நல்லாச் சொறிங்க."